புள்ளலூர்க் கணக்கு

காஞ்சீபுரத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். கோயில் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. புடவை எடுக்க வருகிறவர்கள் இன்னொரு வகை. கோயிலுக்கென்று புறப்பட்டு வந்து, புடவைக் கடையிலேயே பொழுதைக் கழித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களை எந்த வகையில் சேர்ப்பது என்பதை அவர்களோடு வந்தவர்களிடம் விட்டுவிடுவோம். ஆனால், "புள்ளலூருக்கு எப்படிப் போகவேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு வந்த ஒருவரையும் இதுவரை நான் சந்தித்ததில்லை.

கேட்டால் வழி சொல்வதில் சிரமம் ஒன்றுமில்லை. காஞ்சீபுரத்திலிருந்து ஏறக்குறையப் பத்து மைல்தான். தொண்டை நாட்டுக் கிராமங்கள் எல்லாம் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அதுவும் இருக்கிறது. ஆனால் அந்த மண் குடித்த ரத்தம் கொஞ்சமல்ல. மகேந்திரவர்ம பல்லவன் தன் பெரும் பகைவர்களைப் புள்ளலூரில் முறியடித்தான் என்று காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பகைவன் சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசிதான் என்பது சரித்திர ஆசிரியர்கள் பலருடைய கருத்து. அது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். ஆயிரத்து நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகு, 1780-லும் 1781-லும் அடுத்தடுத்து இரண்டு யுத்தங்கள் அங்கே நடந்தன. பின்னதில் மாண்ட இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்காக எழுப்பிய நினைவுத் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

நான் சொல்ல வந்தது 1780-ஆம் வருஷத்து யுத்தத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், யுத்தம் முடிந்த பிறகு எழுதிவைத்த கணக்கைப் பற்றி.

அந்த வருஷம் ஜூலை மாதம் ஹைதர் அலி பெரும் சைன்யத்துடன் கணவாய்களைக் கடந்து ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். சென்னையிலிருந்த கும்பினிக்காரர்கள் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். பக்ஸார் யுத்தத்தில் பெயரெடுத்த சர் ஹெக்டர் மன்றோ ஒரு படையோடு காஞ்சீபுரத்துக்கு வந்து முகாம் போட்டார். குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோடு வந்து அவருடன் சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

பெய்லியின் விதியை ஓர் ஆறு தீர்மானித்தது. ஆகஸ்டு 25-ஆம் தேதி அவர் கொற்றலையாற்றின் வட கரைக்கு வந்தார். உடனே கடந்திருக்கலாம். "பொழுது விடியட்டும்" என்று அங்கேயே தங்கினார். இரவில் வெள்ளம் வந்துவிட்டது. ஆற்றைக் கடக்க ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் ஹைதரின் குமாரர் திப்பு வழி மறிக்க வந்துவிட்டார். செப்டம்பர் 6-ஆம் தேதி முதல் மோதல் நடந்தது. மன்றோ சுமார் ஆயிரம் பேரைத் துணைக்கு அனுப்பினார். அவர்கள் பெய்லியை வந்து அடைந்தும் விட்டார்கள். 9-ஆம் தேதி இரவு படை காஞ்சீபுரம் நோக்கி நடந்தது. நடுவழியில் மறுபடியும், "விடியட்டும்" என்று ஒரு தங்கல். விடிந்தபோது திப்பு மட்டுமில்லை, ஹைதரும் எதிரே நின்றார்.

10-ஆம் தேதி நடந்ததை விவரமாகச் சொல்லப்போவதில்லை. கும்பினிப் படையில் பெரும்பாலோர் நம் சீமைச் சிப்பாய்கள். சதுரமாக அணிவகுத்து நின்று, வந்த தாக்குதல்களை எல்லாம் அவர்கள் திருப்பி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சதுரத்துக்குள்ளே நின்ற வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. மைசூர்க்காரர்கள் இரும்புக் குழாயில் மருந்து திணித்து விட்ட ராக்கெட்டு வாணங்கள்தான் அதற்குக் காரணம் என்பார்கள். பீரங்கிக் குண்டு என்பவர்களும் உண்டு. எதுவானாலும், நெருக்கியடித்து நின்ற மனிதர்களுக்கு நடுவே அந்த வெடிப்பு நிகழ்ந்தது. அதோடு யுத்தம் முடிந்த மாதிரிதான். பெய்லி சரணடைந்தார். காஞ்சீபுரத்திலிருந்து புறப்பட்ட மன்றோ சமாசாரம் தெரிந்ததும் திரும்பிவிட்டார். மறுநாள் பெரிய பீரங்கிகளை நம் ஊர்க் குளம் ஒன்றிலே தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுப் பக்கம் பின்வாங்கினார்.

இனி, கணக்குக்கு வருவோம். பெய்லியின் படையில் ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேர். களத்திலோ, பின்னர் காயத்தாலோ இறந்தவர்கள் 36. காயத்தோடு பிடிபட்டவர்கள் 34. காயமில்லாமல் பிடிபட்டவர்கள் 16. கூட்டிப் பாருங்கள், சரியாக 86 வரும். சிப்பாய்களுக்கு இத்தனை துல்லியமான கணக்கு இல்லை. அவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ஆயிரக்கணக்கில் போனார்கள். அவ்வளவுதான்.

அந்த 16 என்ற எண்ணின் மேல் என் மனம் வந்து நின்றுவிடுகிறது. காயமில்லாமல் பிடிபட்டவர்கள்! பக்கத்திலே வெடிமருந்து வண்டி வெடித்திருக்கிறது. நேற்று ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவன் கண்ணெதிரே சிதறியிருக்கிறான். பிறகு சங்கிலி பூட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள். 1784-ல் மங்களூர் உடன்படிக்கை ஏற்பட்ட பிறகுதான் விடுதலை. பெய்லி அதற்கு முன்பே, 1782-ல், சிறையிலேயே இறந்துபோனார். காப்டன் டேவிட் பெயர்டு என்பவர் உடம்பில் துப்பாக்கிக் குண்டோடு சிறைக்குப் போனார். விடுதலைக்குப் பிறகுதான் அந்தக் குண்டை எடுக்க முடிந்தது. அது எடுக்கக்கூடிய குண்டு. மற்றவர்களிடம், வைத்தியரின் கைக்கு அகப்படாத ஏதாவது தங்கியிருந்ததா?

இந்தக் கேள்வியைச் சரித்திர ஆசிரியர் கேட்கவில்லை. ஒரு சித்திரக்காரன் கேட்டிருக்கிறான் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் என்ற மாளிகைச் சுவரில் புள்ளலூர் யுத்தத்தைத் திப்பு எழுதச் செய்தார். அதில் வெடிமருந்து வண்டி வெடிப்பதும் இருக்கிறது. சதுரத்தின் நடுவே, பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லி விரல் நுனியைக் கடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காலத்துச் சித்திர மரபில் விரலைக் கடிப்பது திகைப்புக்கு அடையாளம். பகைவனைக் கேலி செய்ய எழுதிய படம்தான். ஆனாலும் சுற்றிலும் எல்லாரும் வெட்டிக்கொண்டும் குத்திக்கொண்டும் இருக்க, அந்த ஒரு மனிதர் மட்டும் எங்கேயோ போய்விட்டவரைப்போல உட்கார்ந்திருக்கிறார்.

'எங்கேயோ போய்விட்டவர்' என்றேன். இப்படிப்பட்டவர்களுக்கு உலகம் வைத்த பெயர்கள் பல. கி.மு. 490-ல் மாரத்தான் யுத்தத்தில் ஒருவன் உடம்பில் ஓர் அடியும் படாமலே பார்வையை இழந்தான் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். 1688-ல் ஹோஃபர் என்ற வைத்திய மாணவர், அந்நிய நாட்டில் கிடந்து உருகுகிறவர்களின் நோய்க்கு 'வீட்டேக்கம்' என்ற பொருளில் ஒரு பெயர் சூட்டினார். அமெரிக்க உள்நாட்டு யுத்தச் சிப்பாய்களிடம் படபடப்பையும் மூச்சுத் திணறலையும் கண்ட டாக்டர் டா கோஸ்டா, 1871-ல் இதயத்தின் மேல் பழியைப் போட்டார். வீடு, இதயம் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வோர் இடத்தில் தேடியிருக்கிறார்கள்.

பிறகு 1914-ஆம் வருஷத்து மகாயுத்தம் வந்தது. அதுவரை மனிதன் கேட்டறியாத வெடிச் சத்தம். 1915 பிப்ரவரியில் 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் சார்லஸ் மையர்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். அருகில் குண்டுகள் வெடித்த பின் ஞாபகமும் பார்வையும் மோப்பமும் ருசியும் கெட்டுப்போன மூன்று சிப்பாய்களைப் பற்றியது அது. 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை அச்சில் ஏற்றியவர் அவர்தான். தமிழில் குண்டதிர்ச்சி எனலாம்.

உடனே வழக்கு ஆரம்பமாகிவிட்டது. இது மூளைக்கு வந்த கேடா, மனசுக்கு வந்த கேடா? ஃபிரெடரிக் மாட் என்ற டாக்டர், வெளிக்காயமே இல்லாமல் இறந்த இருவரின் மூளைகளைச் சோதித்து, உள்ளே நுண்ணிய ரத்தக் கசிவுகளைக் கண்டு 1917-ல் எழுதினார். மையர்ஸோ, குண்டு வெடித்த இடத்துக்கு அருகிலேயே போகாதவர்களிடமும் இதே கோளாறைக் கண்டு, மனசின் பக்கம் சாய்ந்தார்.

இருவரும் உண்மையைத் தேடினார்கள். ராணுவக் கச்சேரிக்கு வேறு கவலை இருந்தது. 1916 முதல் பிரிட்டிஷ் சைன்யத்தில், பகைவனின் குண்டால் வந்த அதிர்ச்சி என்றால் சீட்டில் 'டபிள்யூ' என்று எழுதினார்கள். அது காயம், அதற்குச் சட்டையில் அடையாளப் பட்டை உண்டு, உபகாரச் சம்பளமும் உண்டு. அப்படி இல்லையென்றால் 'எஸ்'. அது வெறும் நோய். அதற்குப் பட்டையும் இல்லை, சம்பளமும் இல்லை. மூளையா, மனசா என்ற தத்துவ விசாரம் கடைசியில் ஓர் எழுத்தாகச் சுருங்கி, ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையில் போய் விழுந்தது. அதற்கும் கீழே ஓர் இடம் இருந்தது. ஓடிப்போனவன், கோழை என்பன போன்ற குற்றங்களைச் சாட்டி அந்த யுத்தத்தில் 306 பேரைத் தங்கள் பக்கத்துத் துப்பாக்கிகளாலேயே சுட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் குண்டதிர்ச்சிக்காரர்களோ! 2006-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவர்களை மன்னித்துச் சட்டம் செய்தது. மன்னிப்புக் கிடைக்கத் தொண்ணூறு வருஷம் ஆயிற்று. 1922-ல் ஸௌத்பரோ பிரபு தலைமையில் கூடிய கமிட்டி இன்னொரு காரியம் செய்தது. 'ஷெல் ஷாக்' என்ற சொல்லையே விட்டுவிட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சொல்லை எடுத்துவிட்டால் நோய் போய்விடுமா?

"வெள்ளைக்காரன் நோய்க்கும் நமக்கும் என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். திரும்பாதவர்கள் சுமார் 74,000. தமிழ்நாட்டு ஊர்கள் பலவற்றில், இந்த ஊரிலிருந்து மகாயுத்தத்துக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் நீத்தவர்கள் இத்தனை பேர் என்று பொறித்த சலவைக்கல் பலகைகளை இன்றும் பார்க்கலாம். இரண்டே எண்கள். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருகிறவர்கள் திரும்பி வந்தவர்கள். எப்படி வந்தார்கள் என்று எழுதக் கல்லில் இடமில்லை.

கல்லில் இல்லாவிட்டால் போகட்டும், வைத்திய சாஸ்திரத்திலாவது இடம் கிடைத்ததா? கிடைத்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் விடாமல் போராடிய பிறகு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்கென்று ஒரு தனிப் பெயரைச் சேர்த்தது. 'பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மன உளைச்சல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். நடந்து முடிந்தது திரும்பத் திரும்பக் கண்முன் நடப்பது, அதை நினைவூட்டும் எதையும் கண்டு ஒதுங்குவது, தூக்கமின்மை, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது ஆகியவை அதன் குறிகள். அந்தப் பெயர் பட்டியலில் ஏறியது 1980-ல். புள்ளலூர் யுத்தம் முடிந்து சரியாக இருநூறு வருஷம்!

பழைய வழக்கு மட்டும் தீரவில்லை. இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் சாலையோரக் குண்டுகள் வெடித்தபோது மறுபடியும் உயிர் பெற்றது. வெடிப்பில் சில நிமிஷம் நினைவு தப்புகிறது, அல்லது தலை கிறுகிறுத்து ஒன்றும் புரியாமல் போகிறது. அரை மணிக்குள் தெளிந்துவிட்டால் டாக்டர்கள் அதை 'லேசான' மூளைக்காயம் என்கிறார்கள். படம் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

2008-ல் டாக்டர் சார்லஸ் ஹோக் என்பவரும் அவருடைய சகாக்களும் இராக்கிலிருந்து திரும்பிய 2,525 அமெரிக்கச் சிப்பாய்களை விசாரித்த முடிவை வெளியிட்டார்கள். அடிபட்டு நினைவு தப்பியவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மன உளைச்சல் நோய் இருந்தது. நினைவு தப்பாமல் கிறுகிறுப்போடு தப்பியவர்களில் 27 பேருக்கு. வேறு விதமாகக் காயப்பட்டவர்களில் 16 பேருக்கு. காயமே படாதவர்களில் 9 பேருக்கு. தலைக்குள் விழுந்த அதிர்ச்சியும் மனசுக்குள் விழுந்த அதிர்ச்சியும் கைகோத்துக்கொண்டு நடப்பது தெரிகிறது அல்லவா? அதோடு, இவர்கள் சொன்ன உடல் உபாதைகளில் பெரும்பாலானவை மூளைக்காயத்தைவிட மன உளைச்சலோடும் சோர்வு நோயோடும்தான் சேர்ந்திருந்தன. அவற்றைக் கழித்துப் பார்த்தபோது, மூளைக்காயத்தின் கணக்கில் மிஞ்சியது தலைவலி ஒன்றே.

அப்படியானால் மனசின் பக்கம் தீர்ப்பாகிவிட்டதா? அதுவுமில்லை. 2016-ல் டேனியல் பெர்ல் என்ற டாக்டரின் குழு, வெடிப்புகளில் சிக்கி, பின்னர் இறந்த எட்டுப் படைவீரர்களின் மூளைகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்தது. படத்தில் தெரியாத வடுக்கள் அங்கே இருந்தன. எங்கே என்பதுதான் கவனிக்க வேண்டியது. மூளையின் சாம்பல் நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லையிலும், மூளையும் அதைச் சூழ்ந்த நீரும் தொடும் இடங்களிலும் இருந்தன. நம் ஊர் நெசவாளிக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் சேருமிடம் இருக்கிறதே, இழுத்துப் பார்த்தால் அங்கேதானே முதலில் தெரியும்? வெடிப்பின் அலை மண்டைக்குள் பாயும்போது, ஒன்றுக்கொன்று அடர்த்தி மாறுபட்ட பகுதிகள் வெவ்வேறு விதமாக அசைகின்றன. சேர்மானத்தில் சேதம் விழுகிறது. எட்டே பேரைக் கொண்டு உலகத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் 1917-ல் மாட் கண்டதை வீண் பிரமை என்று தள்ளவும் இனி முடியாது.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், தெருவில் எல்லாருக்கும் அவர் மிலிட்டரி மாமா. 1987-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையில் இருந்துவிட்டு, 1990-ல் அது திரும்பிய பிறகு ஊருக்கு வந்து, தகப்பனார் உட்கார்ந்த தறியிலேயே உட்கார்ந்தார். அந்தப் படையில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே மாண்டார்கள். இவர் உடம்பில் ஒரு கீறலுமில்லை. ஆனால் உற்சவ நாளில் எங்கேயாவது அதிர்வேட்டுப் போட்டால், தறிப் பலகையிலிருந்து நழுவிக் காலடியிலுள்ள தறிக்குழிக்குள் இறங்கிவிடுவார். சிறுவர்கள் சிரிப்பார்கள். "மாமி, மாமாவுக்கு என்ன?" என்று கேட்டால், "தலைவலிடா கண்ணு, போ" என்பாள் அவர் மனைவி. வருஷங்களுக்குப் பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: "முன்னால போன வண்டிடா தம்பி. கண்ணிவெடி. நான் பின்னால வண்டியில. எனக்கு ஒண்ணும் ஆகல. ஒரு கீறல்கூட இல்ல." கடைசி வாக்கியத்தை மூன்று தடவை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. ஏதோ கடன் பாக்கியை ஒப்புக்கொள்கிறவரைப் போலச் சொன்னார். புள்ளலூர்க் கணக்கில் அவரை நிறுத்தினால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள்? சந்தேகமில்லாமல், பதினாறில்தான்.

மாமா போய்வந்த அதே மண்ணில், யாழ்ப்பாணத்தில், தயா சோமசுந்தரம் என்ற மனநல மருத்துவர் யுத்தத்துக்கு நடுவிலேயே மக்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பிய சாதாரண ஜனங்களிடம் தாம் கண்டதை 1998-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். அங்கிருந்த மருத்துவர்கள் இந்த நோய்க்குத் தமிழில் வழங்கிய சொல் 'மனவடு'. எத்தனை நல்ல சொல்! மூளையா, மனசா என்ற வழக்கைக்கூட அது ஒருவாறு தணித்துவிடுகிறது. வடு என்றால் காயம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. காயம் என்று ஒப்புக்கொண்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் காயத்தை ஒரு பக்கத்துச் சிப்பாய்க்கும் மறுபக்கத்துப் போராளிக்கும் நடுவில் அகப்பட்ட குடியானவனுக்கும் ஒரே சொல்லால் சொல்லவும் முடிகிறது.

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில் நப்பூதனார் ஒரு பாசறையைக் காட்டுகிறார். அரசன் இரவில் தூக்கமில்லாமல் இருக்கிறான். புண்பட்ட யானைகளை நினைக்கிறான். மாண்ட வீரர்களை நினைக்கிறான். அம்பு தைத்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகளை நினைக்கிறான். அரசனுக்குத் தூக்கம் வராததை எழுத ஒரு புலவர் இருந்தார். சிப்பாய்க்குத் தூக்கம் வராததை எழுத இரண்டாயிரம் வருஷம் ஆகியிருக்கிறது.

நம் பக்கத்து ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போகிறவர்கள் இன்றும் குறையவில்லை. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் வழங்குகிறது. திரும்பி வருகிறவர்களுக்கு மாலை போடுகிறோம். கால் இழந்தவருக்கு எழுந்து இடம் கொடுக்கிறோம். இவையெல்லாம் செய்ய வேண்டியவைதான். கை கால் எல்லாம் சரியாக இருந்தும், ராத்திரியில் திண்ணையில் எழுந்து உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தால்தான் நமக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. குடி என்கிறோம், கோபக்காரன் என்கிறோம், காற்றுச் சேஷ்டை என்று மந்திரிக்கவும் அழைத்துப் போகிறோம். மனவடுவுக்கு இன்று வைத்தியம் இருக்கிறது. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லப் பழக்கும் சிகிச்சையும் உண்டு, மருந்தும் உண்டு. லேசான மூளைக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் ஓய்வும் கவனிப்பும் இருந்தால் தேறிவிடுகிறார்கள். ஆனால் டாக்டரிடம் போவதற்கு முன்னால், வீட்டிலுள்ள ஒருவர் அதைக் காயம் என்று நம்ப வேண்டும்.

புள்ளலூர்க் கணக்கில் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. 36-ம் 34-ம் 16-ம் சேர்ந்தால் 86 வராமல் எங்கே போகும்? காயமில்லாதவர்கள் என்று எழுதியிருக்கிறதே, அந்தக் கட்டத்தின் தலைப்பைத்தான் திருத்தி எழுத வேண்டும். 'காயம் தெரியாதவர்கள்' என்று எழுதினால் போதும்.